அப்பா தலைமேல் சத்தியம்

வேணிக்குத் தா.பழூர் பக்கம். கொள்ளிடத்துத் தண்ணீரும் நெல்லுமாக வளர்ந்தவள் வாக்கப்பட்டு வந்து விழுந்தது பெரம்பலூர் பக்கத்து வெங்காயக் காட்டில். வந்த புதிதில் அவளுக்கு அந்த ஊரே வேடிக்கையாக இருந்தது. சோறு போடுகிற பயிரை விட்டுவிட்டுக் குழம்பில் போடுகிற காயைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறீர்களே என்று புருஷன் கலையரசனைக் கேலி பண்ணுவாள். அவன் சிரிப்பான். அவனுக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும். கோபப்படுகிற வேலையைக் கல்யாணம் ஆன மறுநாளே அவளிடம் ஒப்படைத்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைப் பறித்த சூட்டோடு விற்றுவிட மாட்டார்கள். மூங்கிலும் ஓலையுமாக ஒரு கூடு கட்டி அதில் கொட்டி, காற்றாட மாதக்கணக்கில் வைத்திருந்து, விலை வரும்போது பிரிப்பார்கள். பட்டறை என்று அதற்குப் பேர். பட்டறை பிரிக்கிற நாளில் தெருவெல்லாம் சருகு பறக்கும். அடியில் கிடந்து அழுகிக் காய்ந்ததிலிருந்து கரித்தூள் மாதிரி கருப்பாகப் பொடி கிளம்பும். பெண்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து தாளையும் வேரையும் கிள்ளித் தள்ளுவார்கள். கலையரசன் வீட்டுப் பட்டறை வாசலை ஒட்டியே இருந்தது. சாக்குகளை அடுக்கியது வீட்டுக்குள். ஒரே மகள் இலக்கியா அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கித்தான் வளர்ந்தாள். அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே வளர்ந்தன.

முதலில் வெறும் தும்மல்தான். விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து வரிசையாகத் தும்முவாள். அப்புறம் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கிற பழக்கம். சளியே இல்லாமல் மூக்கை உறிஞ்சுவாள். நாலாம் வகுப்புப் போனபோது கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தாள். நாம் எல்லாரும் சிமிட்டுகிற சிமிட்டல் இல்லை அது. இமையை இறுக்கி மூடும்போது வாயும் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். பிறகு தொண்டையில் ‘ம்க், ம்க்’ என்று ஒரு செருமல். கடைசியில் கழுத்தும் சேர்ந்துகொண்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று தோள் பக்கம் வெட்டித் திரும்பும்.

வேணி சும்மா இருக்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டு இருமல் டானிக் வாங்கிக் கொடுத்தாள். அரியலூரில் கண்ணைக் காட்டியதற்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினாள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ் ஏறிப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். எந்தச் சாமி எந்த மதம் என்று பார்க்கிற நிலையிலா இருந்தாள் அவள்? ஆனால் மூக்கைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. தும்மலுக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா என்ன.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், உங்கள் பெண் என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறாள் என்று கூப்பிட்டுச் சொன்னார். கூடப் படிக்கிற பிள்ளைகள் சிமிட்டி என்று பேர் வைத்துவிட்டன. இதையெல்லாம்கூட வேணி பொறுத்துக்கொண்டாள். செயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் பக்கத்து இலைக்காரி குனிந்து, பெண்ணுக்கு வலிப்பா என்று இரக்கமாகக் கேட்டாள் பாருங்கள், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பெண் பிள்ளைக்கு அந்தப் பேர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எந்தச் சோப்புப் போட்டும் போகாது. பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் அவள் ஒரு கணக்குப் போட்டாள். முழுப் பரீட்சை லீவுக்கு இலக்கியா தா.பழூரில் மாமன் பூவரசன் வீட்டுக்குப் போவாள். போன ஒரு வாரத்தில் தும்மல் நின்றுவிடும். கண் சிமிட்டல் குறையும். கழுத்து வெட்டுவது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். லீவு முடிந்து ஊர் திரும்பினால் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும். வேணி இதை யோசித்து யோசித்துப் பார்த்தாள். மாமன் வீட்டில் அடக்க முடிகிறது, இங்கே அடக்க முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? கொழுப்பு என்று அர்த்தம். பெற்றவர்கள்தானே, என்ன செய்துவிடுவார்கள் என்கிற துணிச்சல் என்று அர்த்தம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கணக்கு பாருங்கள். நெல் வயலுக்கும் வெங்காயப் பட்டறைக்கும் நடுவில் காற்று மாறுகிறது என்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தது.

பூவரசன் தா.பழூரில் புது வீடு கட்டிக் குடிபோக நாள் குறித்தான். சொந்தம் பூராவும் வரும். வலிப்பா என்று கேட்ட அந்தச் செயங்கொண்டத்துக்காரியும் வருவாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், கலையரசன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, வேணி மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள்.

“உங்கப்பா தலையில அடிச்சி சத்தியம் பண்ணு. இனிமே கண்ண சிமிட்ட மாட்டேன், கழுத்த வெட்ட மாட்டேன்னு சொல்லு.”

தன் தலையைக் காட்டவில்லை அவள். தன் தலை மகளுக்கு அவ்வளவு முக்கியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பா என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். அவன் வண்டிச் சத்தம் கேட்டால்தான் சாப்பிட உட்காருவாள். வேணி தெரிந்துதான் அந்தத் தலையைத் தேர்ந்தெடுத்தாள்.

கலையரசன் வழக்கம்போலச் சிரித்தான். பண்ணிடு பாப்பா, அம்மாவுக்கு நிம்மதியா இருக்கட்டும் என்று தலையை அவள் உயரத்துக்குக் குனிந்து கொடுத்தான். இலக்கியா கையைத் தூக்கி, வைக்காமல் நின்றாள்.

“பண்ணிட்டு, அப்புறம் தானா வந்துருச்சின்னா?”

“வரக்கூடாது. வந்தா அப்பாவுக்கு ஆவாது.”

பிள்ளை அடித்துச் சத்தியம் பண்ணியது. நம் ஊரில் யார்தான் பண்ணாத சத்தியம்? மிட்டாய் எடுக்கவில்லை, சினிமாவுக்குப் போகவில்லை, அவனோடு பேச மாட்டேன் என்று தலை தலையாக அடித்துக்கொண்டுதான் திரிகிறோம். அதெல்லாம் நாம் செய்கிற காரியங்கள், நினைத்தால் விடலாம். தும்ம மாட்டேன், விக்க மாட்டேன் என்று எவரிடமாவது சத்தியம் வாங்கியவர்கள் உண்டா? வேணி வாங்கினாள். அது அப்படிப்பட்ட காரியம் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

புது வீட்டில் இலக்கியா ஒரு வாரம் இருந்தாள். முகம் கோணாமல், கழுத்து வெட்டாமல் நின்றது. செயங்கொண்டத்துக்காரியே, பெண் இப்போது தேறிவிட்டாளே என்றாள். வேணிக்குத் தலைகால் புரியவில்லை. டானிக்கும் கயிறும் செய்யாததை ஒரு சத்தியம் செய்துவிட்டதே, இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று அண்ணன் பெண்டாட்டி வெற்றிச்செல்வியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஊர் திரும்பியபோது வெங்காயத்துக்கு விலை ஏறியிருந்தது. பட்டறையைப் பிரித்தார்கள். தும்மல் வந்தது. மூக்கு அரித்தது. அதன் பின்னாலேயே கண்ணும் தொண்டையும் கழுத்தும் வந்தன.

இலக்கியா ஒளிந்துகொள்ளப் பழகினாள். கழுத்து வெட்டப் போகிறது என்று தெரிந்தால் மாட்டுக் கொட்டகைக்கு ஓடுவாள். புத்தகப் பையைத் தூக்கி முகத்தை மறைப்பாள். வாயை இறுக மூடிச் செருமலை விழுங்கப் பார்ப்பாள். விழுங்கியது கொஞ்ச நேரத்தில் இரண்டு மடங்காக வெளியே வரும். ஒருநாள் கொட்டகையில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் நிற்பதை வேணி பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்பா தலையில் அடித்திருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். இதற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அந்த வாரமே கலையரசன் போய்ச் சேர்ந்தான். அரியலூர் ரோட்டில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று வளைவில் ஒதுங்க, டி.வி.எஸ். வண்டியோடு அடியில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த ரோட்டில் அது புதிய சாவு இல்லை. ஊரார் டிப்பரைத் திட்டினார்கள், ரோட்டைத் திட்டினார்கள், விதியைத் திட்டினார்கள். எல்லாருக்கும் திட்ட ஏதோ ஒன்று இருந்தது.

இலக்கியாவை யாரும் கவனிக்கவில்லை. அவள் அழவில்லை. உடம்பைக் கிடத்தியிருந்தபோது கால்மாட்டில்தான் நின்றாள், எவ்வளவு இழுத்தும் தலைமாட்டுக்கு வரவில்லை. முகமும் கழுத்தும் அதுவரை இல்லாத வேகத்தில் வெட்டி வெட்டி இழுத்தன. அப்பனைப் பறிகொடுத்த அதிர்ச்சி என்று பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். காரியம் முடிந்த பிறகும் அது அடங்கவில்லை. செருமல் பெரிய சத்தமாகி, நாய்க்குட்டி குரைக்கிறது போலக் கேட்டது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை மடியில் கொடுத்தபோது கையை எடுக்கவே இல்லை. குழந்தை நழுவி விழப் பார்த்தது. தலையில் பட்டுவிடும், தலையில் பட்டுவிடும் என்று மட்டும் சொன்னாள். வேணிக்கு அப்போதும் புரியவில்லை.

பூவரசன் வந்து பார்த்துவிட்டு, இது துக்கம் மட்டும் இல்லை என்று சொல்லி இருவரையும் பெரம்பலூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். வயசான அம்மாள். மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தார், வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். வெங்காயம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சருகும் பூசணமும் தூசியும் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கில் அலர்ஜி, வருஷக்கணக்காக இருக்கிறது என்றார். மூக்கும் கண்ணும் அரிக்க அரிக்க உறிஞ்சியும் சிமிட்டியும் வந்தவளுக்கு நரம்பிலும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது, டிக்ஸ் என்று பேர், அலர்ஜி உள்ள பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது, ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை, மூக்கு மோசமானால் சிலருக்கு இதுவும் மோசமாகும், மனசில் பயம் இருந்தால் இன்னும் கூடும் என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டுக்கும் மருந்து எழுதினார். மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கம்மா. இத அவ வேணும்னு பண்ணல. அவளால நிறுத்தவும் முடியாது. நிறுத்துன்னு சொன்னா கூடத்தான் செய்யும்.”

வேணி தலையாட்டினாள். சத்தியத்தைப் பற்றி டாக்டரிடம் வாய் திறக்கவில்லை. எந்த வாயால் திறப்பது?

திரும்பி வருகிற பஸ்ஸில் இலக்கியா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“என்னால நிறுத்த முடியாதுன்னா, ஏம்மா அப்பா தலையில சத்தியம் வாங்குன?”

பிள்ளை மேலே பேசிக்கொண்டே போனாள். அன்றைக்குக் காலையில் அப்பா வண்டியை எடுத்தபோதுகூடச் சிமிட்டினாளாம். அடக்கிப் பார்த்தாளாம், முடியவில்லையாம். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிற்றாம். நான்தான் அப்பாவைச் சாகடித்தேன், போலீசில் சொல்லிவிடுவார்களா என்று கேட்டாள். பத்து வயசுப் பிள்ளை இதைத் தனியாக வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு தின்றிருக்கிறாள், பாயில் படுத்திருக்கிறாள். வேணி பஸ்ஸிலேயே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. அந்த நினைப்பைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கி எறிய வேண்டும், அவ்வளவுதான். சத்தியமெல்லாம் சும்மா என்று சொல்லிப் பார்த்தாள். சும்மா என்றால் ஏன் பண்ணச் சொன்னாய் என்று ஒரு பார்வை வந்தது. திருமழபாடிக்குக் கூட்டிப்போய்க் கொள்ளிடத்தில் முழுக்காட்டி, கோயிலில் குருக்களிடம் ஒதுக்குப்புறமாகக் கேட்டாள். சின்னப் பிள்ளை பண்ணிய சத்தியம் கணக்கில் வராது, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, வேண்டுமானால் ஒரு அர்ச்சனை பண்ணிவிட்டுப் போ என்று அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். வேணி அர்ச்சனை பண்ணினாள். இலக்கியா திருநீற்றைப் பூசிக்கொண்டு, கணக்கில் வராத சத்தியத்துக்கு ஏன் பரிகாரம் பண்ணுகிறோம் என்று கேட்டாள். வேறு சமயமாக இருந்தால், இந்தக் கணக்குப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அம்மா பெருமைப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

கடைசியில் மருந்தையே நம்பினாள். இது வியாதி என்று பிள்ளைக்குக் கண்ணால் தெரிந்துவிட்டால் போதும், மருந்து தின்று நின்றுவிட்டால் தன் தப்பு இல்லை என்று தானே விளங்கிக்கொள்வாள் என்று நினைத்தாள். பட்டறைக் கூட்டையே பிரித்துப் போட்டாள். காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சாக்கு ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் கொளுத்திவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தா.பழூருக்கே வந்துவிட்டாள். அண்ணன் வீட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். காலையும் மாலையும் ஸ்ப்ரே அடிப்பதை, பாயை வெயிலில் போடுவதை, தலையணை உறையைக் கொதிக்கிற தண்ணீரில் துவைப்பதை ஒரு நாள் விடவில்லை. சாமிக்குச் செய்கிற பூஜையை இவ்வளவு சுத்தமாக அவள் செய்ததில்லை.

மருந்து கேட்டது. முதலில் தும்மல் போயிற்று. மூக்கு உறிஞ்சல் போயிற்று. குரைக்கிற சத்தம் செருமலாக இறங்கி, செருமல் அபூர்வமாயிற்று. கழுத்து அடங்கியது. அறுவடைச் சமயத்தில் மட்டும் களத்துப் பக்கம் போக வேண்டாம், எப்போதாவது திரும்ப எட்டிப் பார்க்கும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். ஆனால் இலக்கியா புதுப் பள்ளிக்கூடத்திலும் யாரோடும் சேரவில்லை. கை இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தது. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூவரசன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிச்செல்வி பரிமாறிக்கொண்டே, புள்ள மொகம் எப்படித் தெளிஞ்சி கெடக்கு பாரு என்றாள். இதுதான் சமயம் என்று வேணிக்குத் தோன்றியது. இதற்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தாள்.

“பாத்தியா பாப்பா? நோயிதான் அது. மருந்துக்கு நின்னுடுச்சு பாரு. உம்மேல ஒரு தப்பும் இல்ல.”

இலக்கியா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததை எடுத்துச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

“நிக்குந்தானேம்மா. நிக்கற ஒண்ணுதானே அது. அப்பவே நின்னுருந்தா அப்பா இருந்துருக்கும்ல.”

வேணி மகளையே பார்த்தாள். டாக்டர் சொன்னதைச் சொல்லலாம், டிப்பரைச் சொல்லலாம், குருக்கள் சொன்னதைச் சொல்லலாம். எல்லாம் சொல்லியாயிற்று. அந்தச் சின்ன மண்டைக்குள் ஒரு கொலை நடந்திருக்கிறது, அதைச் செய்தவர் யார் என்றுதான் அது தேடுகிறது, கொலையே நடக்கவில்லை என்றால் நம்பாது. இது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் அதிக நேரம் யோசிக்கவில்லை.

“இருந்துருக்கும். அப்பவே மருந்து குடுத்திருந்தா நின்னுருக்கும், அப்பாவும் இருந்துருக்கும். குடுக்காதது யாரு? தூசில படுக்க வச்சது யாரு? அப்பா தலையக் காட்டி அடிக்கச் சொன்னது யாரு? நாந்தான். அப்பாவக் கொன்னது நாந்தான், நீ இல்ல.”

வெற்றிச்செல்வி, என்னாடி இது பேச்சு என்று பதறினாள். வேணி அவள் பக்கம் திரும்பவில்லை. மகள் முகத்தில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மருந்து, தூசி, தலை. எல்லாம் பொருந்தியது. தோள்பட்டை கொஞ்சம் தளர்ந்தது. தொடைக்கு அடியிலிருந்து இடது கை தானாக வெளியே வந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. வேற்று மனுஷியைப் பார்க்கிற பார்வை அது. வேணி அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு இலக்கியா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்றாள். வேணி சட்டென்று கரண்டியை எடுத்தாள். பிள்ளை தட்டை அவள் பக்கம் நீட்டாமல் வெற்றிச்செல்வி பக்கம் நீட்டி, நீங்க போடுங்க அத்தை என்றாள்.